மஞ்சட் கோடுகள் இரண்டு

எண்பதுகளின் நடுப்பகுதியில், தென்கோடித் தீவு நாடொன்றின் ஓக்லண்ட் நகரில், ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில், என்பு வெட்டுவது என் தொழிலாக இருந்தது. அதற்கு முன் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்திருந்தேன். எலும்பை என்பு என்றே எழுதும் வழக்கம் அங்குப் படிந்தது. இன்றளவும் அதை விடவில்லை. வேலைக்கான நேர்காணலில் மூவர் அமர்ந்திருந்தனர். என் பதினெட்டு ஆண்டுகளையும் படித்து முடித்தபின், கூரிய கத்தியைக் கையாண்ட பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டனர். பலாப்பழம் வெட்டுவேன் என்றேன். பலாப்பழம் யாதென அவர்கள் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

எங்கள் பிரிவு என்பு நோய்களை அறியவும் ஆற்றவும் வழி தேடிக்கொண்டிருந்தது. நோயாளியின் இடுப்பென்பின் மேல்விளிம்பில் விறைப்பூசி ஏற்றி, உட்டுளையுள்ள கருவியொன்றைத் திருகிச் செலுத்தி, சிறுவிரல் நுனியளவான துண்டொன்றை எடுப்பார்கள். அத்துண்டு எரிசாராயத்தில் ஊறி, பிசினில் தோய்ந்து, கண்ணாடிபோல் இறுகி, மூன்று வாரங்களின் பின் என் கத்திக்கு வரும். அதை வெங்காயத்தோலினும் மெல்லிய தாளாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பேன்.

பார்ப்பது இரண்டு கோடுகளை. துண்டெடுப்பதற்கு முன் நோயாளி தெற்றாசைக்கிளின் என்னும் குளிசையை மூன்று நாள் உண்ணவேண்டும். பின்னர்ப் பன்னிரண்டு நாள் விடவேண்டும். மீண்டும் மூன்று நாள் உண்ணவேண்டும். அது கிருமிகளைக் கொல்லும் சாதாரண மருந்துதான். ஆயினும் அவ்வேளையில் எங்கெல்லாம் புதிய என்பு உருவாகின்றதோ அங்கெல்லாம் போய்ப் படிந்துகொள்ளும். புறவூதா ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிரும். முதல் முறைக்கு ஒரு கோடு, இரண்டாம் முறைக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்தால், அந்த மனிதரின் என்பு எவ்வளவு விரைவாக வளர்கின்றது என்று தெரிந்துவிடும். நலமுள்ள என்பில் இரு கோடுகளும் கோலிட்டாற்போல் தெளிவாயிருக்கும். மென்மையடைந்த என்பில் கலங்கிப் பரந்து கிடக்கும். கோடே இல்லையெனில், அங்கே என்பு உருவாவது நின்றுவிட்டது என்று பொருள்.

தகடுகளில் பெயர் இராது. எண் மட்டும் இருக்கும். அளப்பவர் ஆளை அறிந்திருந்தால் கண் சாயும் என்பது தலைமை மருத்துவரின் கொள்கை. அவர் நெடிய மனிதர். கோடையில் அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையும் அணிந்து நோயாளரைப் பார்ப்பார். மிகக் குறைவாகப் பேசுவார். என்னிடம் முதலாண்டில் அவர் பேசிய சொற்களை ஒரு தாளில் அடக்கிவிடலாம்.

இரண்டாமாண்டில் அவர் என்னை அழைத்து, நோயாளருக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் தாளைத் தமிழில் ஆக்கித் தருமாறு கேட்டார். இலங்கையிலிருந்து எம்மவர் வரத் தொடங்கியிருந்த காலம். நான் அப்பணியை இரண்டு வாரம் செய்தேன். பிறமொழிச் சொல்லாக மருந்தின் பெயரொன்றே எஞ்சியது. அதையும் பெயர்க்க முயன்றேன், தலைமை மருத்துவர் உடன்படவில்லை. தாளின் நான்காம் விதி இவ்வாறு அமைந்தது: "குளிசை உண்பதற்கு இரு மணி நேரம் முன்னும் பின்னும் பாலையும் பாலினின்றும் ஆக்கப்பட்ட யாவற்றையும் விலக்குக." பாலிலுள்ள கல்சியம் குளிசையைப் பிடித்துக்கொள்ளும், குடலிலிருந்து அது குருதிக்குள் ஏறாது, ஏறாவிடின் என்பில் கோடு விழாது. இதனாலேயே அவ்விதி.

எங்கள் பிரிவில் மலேசியாவிலிருந்து வந்த தமிழ்த்தாதி ஒருவர் இருந்தார். முதற்படியை அவரிடம் காட்டினேன்.

"என்னா அங்கிள் இது? இத படிக்க எனக்கே ஒரு வாத்தியார் வைக்கணும் போல இருக்கே."

"எந்த இடம் விளங்கவில்லை?"

"வெளங்குது லா. ஆனா மாத்திரை சாப்பிடற மாதிரி இல்ல. கோயில்ல நிக்கற மாதிரி இருக்கு."

இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்காலத்தில் நாங்கள் ஹென்டர்சன் என்னும் புறநகரில் ஒரு மரப்பலகை வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். நானும் என் துணைவியாரும் மட்டுமே. வீட்டு முகப்பில் ஏழு படிகள் இருந்தன. வந்த புதிதில் அவர் அவற்றை எண்ணாமல் ஏறினார். ஓராண்டுக்குப் பின் கைப்பிடியைப் பற்றி ஏறினார். அதற்கும் பின்னர் என் தோளைப் பற்றி ஏறினார்; நான் இல்லாத வேளைகளில் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. இடுப்பிலும் தொடையிலும் நோவு என்றார். அயலிலிருந்த குடும்ப மருத்துவர், குளிர்நாட்டுக்குப் புதியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், மனத்தைரியத்துக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும் என்றார். நான் கம்பளி நூல் வாங்கிக் கொடுத்தேன். இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து அவர் நடந்ததை நான் காலில் மாட்டிய புதிய சப்பாத்தின் குறையென்று கருதினேன். பகலெல்லாம் பிறர் என்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தவன், மாலையில் அதே கண்களோடு வீடு திரும்பி, சப்பாத்துக் கடைக்காரரைக் குறை கூறிக்கொண்டிருந்தேன்.

ஆண்டிறுதி விருந்தொன்றுக்குத் துணைவியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மறுநாள் தாதி நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கி வந்தார்.

"அங்கிள், ஆண்ட்டி நடக்கறத பாத்தீங்களா?"

"பார்த்தேன். சப்பாத்து சற்றுப் பெரிது."

"சப்பாத்து இல்ல அங்கிள், இடுப்பு. எலும்பு டாக்டர் தலைக்கு மேல மாடியில உக்காந்துருக்காரு. நீங்க கடைக்காரன்கிட்ட போய் சண்ட போடுறீங்க."

இவ்வாறு என் துணைவியார் எங்கள் பிரிவின் நோயாளரானார். குருதி எடுத்தார்கள். ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுவதும் கழியும் சிறுநீரைச் சேர்க்கப் பெரிய பழுப்புப் போத்தலொன்றைக் கொடுத்து, குளிர்சாதனப்பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். சாமிக்குப் படைக்கும் பழமும் தயிரும் இருக்கும் பெட்டிக்குள் அதை விடமாட்டேன் என்றார் துணைவியார். ஆகவே பனிக்கட்டி நிரப்பிய வாளியொன்றில் அது தோட்டத்துக் கொட்டகையில் ஒரு நாள் தங்கியது. நான் மணிக்கொருமுறை சென்று பனிக்கட்டி மாற்றினேன். வேலி வழியே பார்த்த அயலவர், பியர் வடிக்கிறீர்களா என்று அன்போடு கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

சோதனைகள் யாவும் முடிந்தபின் தலைமை மருத்துவர் எங்கள் இருவரையும் அமர்த்தி, வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். இரண்டில் ஒன்று, என்றார். ஒன்று, வெயில் படாமையால் விற்றமின் குறைந்து என்பு மென்மையடைந்திருக்கலாம். துணைவியார் மரக்கறி மட்டும் உண்பவர். சேலைக்கு மேல் கம்பளிச்சட்டை, காலுக்கு உறை, தலைக்குச் சால்வை என்று இருப்பவர். படியிறங்க அஞ்சி வீட்டினுள்ளேயே இருப்பவர். இதுவாயின் மாற்றலாம். மற்றொன்று, என்பை ஆக்கும் வேலையே உடலுக்குள் நின்றுபோயிருக்கலாம். இதுவாயின் கொடுப்பதற்குத் தம்மிடம் மருந்தில்லை. இப்போது கைத்தடி, பின்னர்ச் சக்கர நாற்காலி. குருதிச் சோதனை ஐயத்தின் எல்லையில் நின்றது. ஊடுகதிர்ப் படம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. இடுப்பென்பில் ஒரு துண்டு எடுத்துக் கோடுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவ்வாறு செய்தால் துணைவியாரை ஆய்விலும் சேர்த்துக்கொள்ளலாம்.

துணைவியார் இசைந்தார். நான் எழுதிய தாள் அவர் கையில் கொடுக்கப்பட்டது. நோயாளருள் அதன் முதல் வாசகர் அவர்தாம்.

குளிசை காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்று நாளும், பின்னர்ப் பன்னிரண்டு நாள் கழித்து மூன்று நாளும், அவர் ஒரு வேளை தவறவில்லை. நாட்காட்டியில் நானே அடையாளம் இட்டேன். பின்னர் ஒரு செவ்வாய்க்கிழமை துண்டெடுத்தார்கள். நான் வெளியே இருந்தேன். வெளியே வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஓட்டை துளைப்பினமே, அப்பிடி. என்ன, நான்தான் கதவு."

அடுத்த மூன்று வாரமும் அத்துண்டு என் மேசைக்கு மேலிருந்த தட்டில், வேறு பன்னிரண்டு குப்பிகளோடு, தன் எண்ணை முகப்பில் தாங்கி நின்றது. யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரேயொரு துண்டே எடுக்கப்பட்டது. விதியை மதித்து அறியாதிருக்க முயன்றேன். வேறெதற்கும் அவ்வளவு முயன்றதில்லை.

வெட்டும் நாள் வந்தது. நல்ல வெட்டுகளாக நான்கைத் தகட்டில் ஏற்றி, அறையை இருட்டாக்கி, புறவூதா விளக்கைப் போட்டேன். என்பின் மங்கிய பச்சை தெரிந்தது. மஞ்சள் எங்கும் இல்லை.

விளக்குப் பழுதென்று முதலில் நினைத்தேன். பழைய தகடொன்றை வைத்தேன். இரு கோடுகளும் வீதி விளக்கு வரிசைபோல் எரிந்தன. வெட்டுப் பிழையென்று அடுத்து நினைத்தேன். மேலும் ஆறு வெட்டினேன், பின்னர் எட்டு. சாயமிட்ட வெட்டுகளில், இன்னும் இறுகாத இளவென்பின் விளிம்பு சற்றே அகன்றிருந்தது. ஆனால் அது ஒன்றைக்கொண்டு நோயைச் சொல்லும் அளவுக்கு இல்லை. அறிக்கைத் தாளில் கோடுகளின் இடைத்தொலைவு எழுதும் கட்டம் இருந்தது. அதில் "கோடு இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து வழக்கம்போல் அழகாக இருந்தது. தாளை மாடிக்கு அனுப்பும் தட்டில் வைத்தேன். பின்னர் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். விதிக்கு மாறாக நான் செய்த முதற் செயல் அது.

மேற்குப் பாதையின் தொடர்வண்டி அன்று நிலையத்துக்கு நிலையம் நின்று நின்று சென்றது. ஹென்டர்சன் வருமுன் கோடு விழாமைக்குரிய காரணங்களை மூன்றாக வகுத்துவிட்டேன். என்பு வளரவில்லை. குளிசை உண்ணப்படவில்லை. உண்ட குளிசை உடலில் ஏறவில்லை. முதலாவது சக்கர நாற்காலி. மற்ற இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டுமென்று விரும்பினேன். ஒரு மனிதன் தன் துணைவி தன்னை ஏமாற்றியிருக்க வேண்டுமென்று அவ்வளவு ஆவலோடு விரும்பி வீடு சென்றது அரிதாகவே நிகழ்ந்திருக்கும்.

அவர் சமையலறைக் கதிரையில் இருந்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இஞ்சாரும், அந்தக் குளிசை எல்லாத்தையும் போட்டனீரோ?"

"ஓம். நீங்கள்தானே கலண்டரிலை கோடு கீறினனீங்கள்."

"ஒண்டையாவது துப்பேல்லையோ? எறியேல்லையோ?"

"என்ன விசாரணை இது? பள்ளிக்கூடப் பெடியனைக் கேக்கிற மாதிரி. எல்லாம் போட்டனான்."

"பால் குடிச்சனீரோ?"

"இல்லை. பேப்பரிலை வேண்டாமெண்டு கிடந்தது. தயிரும் தொடேல்லை. மோரும் தொடேல்லை. ஆறு நாளும் வெறும் பருப்போடைதான் சோறு திண்டனான்."

"அப்ப குளிசையை என்னத்தோடை போட்டனீர்?"

கீரையிலிருந்து தலையை உயர்த்தி, இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணியோடைதான். வெறும் வயித்திலை இங்கிலிஸ் மருந்து போட்டால் குடல் புண்ணாகாதோ?"

இவ்விடத்தில் எங்கள் வீட்டுத் தேநீரைப் பற்றிக் கூறவேண்டும். இந்நாட்டில் அன்று பால், கண்ணாடிப் போத்தல்களில் வீட்டு வாயிலுக்கே வந்தது. கழுவிய வெறும் போத்தலை வெளியே வைத்தால் மறுநாள் நிறைந்திருக்கும். வந்த காலத்தில் எங்கள் தேநீரில் பால் ஒரு கரண்டி. அது இரண்டாயிற்று, அரைக்குவளையாயிற்று. துணைவியாருக்கு இடுப்பு நோவு தொடங்கியபின், பால் என்புக்கு நல்லது என்னும் உலகறிந்த செய்தியை முன்னிட்டு, தேயிலையை நேரே பாலிலேயே காய்ச்சத் தொடங்கினேன். படியிறங்கிப் போத்தலை எடுத்து வர அவரால் இயலாமையால், காலைத் தேநீரும் மாலைத் தேநீரும் நானே ஆக்கி அவர் கையில் கொடுப்பதென்று ஆகியிருந்தது. அதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. ஆறு நாளும், பன்னிரண்டு வேளையும், ஒரு கையில் குளிசையும் மறு கையில் பாலில் காய்ச்சிய தேநீருமாக அவர் முன் நின்றவன் நான். எங்கள் இருவருக்கும் அது தேநீராகவே இருந்தது. பால் என்பது தனியே ஒரு குவளையில், வெள்ளையாக இருப்பது.

"நான்காம் விதி," என்றேன்.

"என்ன?"

"தேத்தண்ணியிலை பால் கிடந்ததெல்லோ."

அவர் கீரைத்தண்டொன்றை முறித்தார்.

"அந்தப் பேப்பரை எழுதினது நீங்கள். தேத்தண்ணி கொண்டுவந்து தந்ததும் நீங்கள். எழுதினவரே கொண்டுவந்து நீட்டினால், குடிக்கிறதோ, இல்லாட்டி நிண்டு சோதினை வைக்கிறதோ?"

நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக் கீரை ஆய்ந்தேன்.

மறுநாள் காலை, அறிக்கைத் தாளோடு தலைமை மருத்துவர் முன் நின்றேன். எண்ணின் பின்னிருந்த ஆளை அறிந்திருந்ததையும், தாளை ஓரிரவு வைத்திருந்ததையும் முதலில் ஒப்புக்கொண்டேன். அவற்றை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. "கோடு இல்லை" என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருந்துகிறேன்," என்றார். "இரண்டாவதுதான் போலிருக்கிறது."

"அது தேநீராக இருக்கலாம், ஐயா."

நடந்ததைக் கூறினேன்.

"தேநீரில் எவ்வளவு பால்?"

"முழுவதும்."

"முழுவதும் என்றால்?"

"தண்ணீர் சேர்ப்பதில்லை."

அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "தண்ணீரே இல்லாமலா?"

"ஏலக்காய் சேர்ப்பதுண்டு."

அவருடைய நாட்டிலும் தேநீரில் பால் விடுவார்கள். எனினும் அவருடைய நோயாளர் எவரும் இவ்வாறு செய்ததில்லை, அல்லது செய்ததைச் சொன்னதில்லை. பின்னர், துண்டு எதையும் சொல்லவில்லை என்று கொள்ளவேண்டும், மறுபடி குளிசை கொடுத்து மறுபுற இடுப்பில் இன்னொரு துண்டு எடுக்கவேண்டும் என்றார். துணைவியாரை வெள்ளிக்கிழமை அழைத்து வருமாறு கூறினார்.

வெள்ளிக்கிழமை மலேசியத் தாதியும் அறையில் இருந்தார். மொழிபெயர்ப்பாளன் நான். தலைமை மருத்துவர் கூறியதை முழுமையாகத் தமிழில் சொன்னேன். துணைவியார் கைகளை மடியில் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"டொக்டரைக் கேளுங்கோ. துளைச்சுப் பாத்து, முதலாவது வருத்தமெண்டு வந்தால் என்ன தருவார்?"

கேட்டேன். விற்றமின் குளிசையும் கல்சியமும், நாள்தோறும் வெயிலும் என்றார்.

"அதாலை கெடுதல் ஏதும் வருமோ?"

அளவோடு கொடுத்து, குருதியைச் சோதித்துவந்தால் வராது என்றார்.

"சரி. ரெண்டாவது எண்டு வந்தால் என்ன தருவார்?"

ஒன்றுமில்லை என்றார்.

"அப்ப என்னத்துக்குத் துளைக்கிறார்? குளிசையை இப்பவே தரச் சொல்லுங்கோ. சுகம் வந்தால் முதலாவது. வராட்டில் ரெண்டாவது. அவருக்கும் மறுமொழி கிடைக்கும், எனக்கும் ஓட்டை மிச்சம்."

நான் மொழிபெயர்த்தேன். துணைவியார் மேலும் ஒன்று சொன்னார்; அதை மொழிபெயர்க்கவில்லை.

"அங்கிள், கடைசியா சொன்னத விட்டுட்டீங்க," என்றார் தாதி.

"அது பொருட்டன்று."

தாதி தாமே ஆங்கிலத்தில் அதைத் தலைமை மருத்துவரிடம் கூறினார். துணைவியார் கூறியிருந்தது இது: "கட்டாயம் ஆரையாவது துளைக்கத்தான் வேணுமெண்டால், தேத்தண்ணி போட்டவரைத் துளைக்கட்டும்."

தலைமை மருத்துவர் என் இடுப்பை, தம் துறை வல்லுநர் என்ற முறையில், ஆராய்ந்து பார்த்தார். ஒப்பிடுவதற்கு நலமுள்ள ஆண்கள் போதவில்லை என்றும், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் எவரும் முன்வருவதில்லை என்றும் சொன்னார். பின்னர் துணைவியாரை நோக்கி, "எங்கள் ஊர் ஆட்டு மருத்துவர் இதைத்தான் செய்திருப்பார்," என்றார். "மருந்தைக் கொடு; எழுந்து நடக்கிறதா பார். நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்." நான் இதை ஆட்டை நீக்கி மொழிபெயர்த்தேன். தாதி ஆட்டைத் திரும்பச் சேர்த்தார். துணைவியார் முதன்முறையாகத் தலைமை மருத்துவரைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றே ஆய்விலிருந்து துணைவியார் நீக்கப்பட்டார். நீக்கிய காரணத்தை எழுதும் கட்டத்தில் தலைமை மருத்துவர் தம் கையால் "தேநீர்" என்று எழுதினார்.

மூன்று மாதம் பார்ப்பதென்று முடிவாயிற்று. குளிசை எளிது, வெயில் அரிது. யாழ்ப்பாணத்தில் வெயில் வீட்டுக்குள் வந்து நிற்கும். இங்கு நாம் அதைத் தேடிப் போகவேண்டும். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே தோல் தெரிய, நண்பகலுக்கு முன் கால்மணி நேரம் இருக்கச் சொல்லியிருந்தார்கள். பியர் ஐயமுடைய அயலவரின் வேலி ஒரு புறம். துணைவியார் தோட்டத்தின் நடுவே, குடைபோல் சுழலும் துணிக்கொடியில் நாற்புறமும் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு, அதனுள் கதிரையைப் போட்டு அமர்ந்தார். விரிப்பு வெயிலை மறைக்கும் என்று அறிவுறுத்தினேன். மேலே திறந்துதான் கிடக்கிறது என்று உள்ளிருந்து குரல் வந்தது. கிழமைக்கு ஏழு நாளும் எங்கள் வீட்டில் விரிப்புத் தோய்ப்பதைக் கண்ட அயலவர், எங்கள் இனத்தாரின் தூய்மையைப் பற்றித் தம் மனைவியிடம் உயர்வாகப் பேசியதாகப் பின்னர் அறிந்தேன்.

இதற்கிடையில், ஒப்பிடுவதற்குரிய நலமுள்ள ஆணாக, என் முறை வந்தது. ஆறு நாளும் குளிசை வேளைக்குத் துணைவியார் பச்சைத்தண்ணீர்க் குவளையோடு என் முன் வந்து நின்றார். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னார். இரு மணி நேரம் முன்னும் பின்னும் அடுப்பங்கரைப் பக்கம் நான் போகக்கூடாது. துண்டெடுத்த நாளில், கதவைப் பற்றி அவர் கூறியது சரியென்று கண்டேன். மூன்று வாரத்தின் பின் என் என்பை நானே வெட்டினேன். எண்தான் இருந்தது, பெயர் இல்லை. இரண்டு மஞ்சட் கோடுகள், கோலிட்டாற்போல், ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. பிரிவிலுள்ளோர் யாவரும் வந்து பார்த்து, அழகாயிருக்கிறது என்றார்கள். எனக்கு அதைப் பார்க்க மகிழ்ச்சியாயில்லை.

ஏனெனில் மருந்து தொடங்கியபின் எடுத்த துணைவியாரின் முதற் குருதிச் சோதனை அன்றுதான் வந்திருந்தது. என்பின் வேலையைக் காட்டும் நொதியம் குறையவேண்டியது, ஏறியிருந்தது. நோவு அப்படியே இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"ஏறியிருக்கிறது," என்றேன்.

"ஆம்," என்றார் தலைமை மருத்துவர். "இறங்குவதற்கு முன் சிலருக்கு ஏறும். என்பு அவசர அவசரமாகக் கட்டத் தொடங்கியிருக்கலாம். வேலை நின்றுபோன என்பில் இது ஏறாது."

"அப்படியானால் முதலாவதா?"

"அடுத்த மாதம் கேளுங்கள்."

இதை வீட்டில் சொன்னேன். துணைவியார் விரிப்புகளுக்குள் இருந்தபடியே, "அடுத்த மாசம் கேளுங்கோ," என்று அதையே திருப்பிச் சொன்னார்.

அடுத்த சோதனையில் நொதியத்தின் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் என்பது மூன்று மாதம். அவரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் வீதி மூலையிலிருந்த, டெயரி எனப்படும் சிறுகடையில் மட்டுமே கிடைக்கும் ஒரு பிசுக்கோத்து ஒருநாள் மேசைமேல் இருந்தது. நான் வாங்கவில்லை. யார் வாங்கியது என்று கேட்கவும் அஞ்சினேன்; பிசுக்கோத்தைத் தின்றேன்.

தமிழ்த் தாளின் நான்காம் விதியை அக்காலத்தில் திருத்தினேன். தாதி சொல்லச் சொல்ல எழுதினேன். "மாத்திரையை வெறும் தண்ணியோட மட்டும் போடணும். டீயும் வேணாம், காப்பியும் வேணாம். பால் கொஞ்சமா ஊத்துனாலும் பால்தான்." இவ்வாறு எழுத எனக்குக் கை கூசிற்று. ஆயினும் அதன்பின் வந்த தமிழ் நோயாளர் எல்லோருக்கும் கோடு விழுந்தது.

மூன்றாம் மாதத்தின் இறுதியில், சனிக்கிழமையொன்றில், வழக்கம்போல் பால் எடுக்க வாயிற்கதவைத் திறந்தேன். ஏழு படிகளுக்கும் கீழே, வழியோரத்தில், போத்தல்கள் இல்லை. கழுவி வைத்த வெறும் போத்தல்களும் இல்லை. பால்காரர் வெறும் போத்தல்களை மட்டும் எடுத்துப் போய்விட்டார் போலும் என்றெண்ணிப் படியிலேயே நின்று வீதியைப் பார்த்தேன்.

"என்ன, ஆரைத் தேடுறியள்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

துணைவியார் நடையில் நின்றார். கைப்பிடியையும் பற்றவில்லை, சுவரையும் பற்றவில்லை. இரு கைகளிலும் தேநீர்க் குவளைகள் இருந்தன. ஒன்றை என்னிடம் நீட்டினார்.

தண்ணீர் ஒரு துளியும் இல்லை. ஏலக்காய் சற்று மிகுதி. முழுவதும் குடித்தேன்.